நாலு வால் சுரம்

காலையில் மிசோ சூப்பை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தபோது யோஷிஹாரு ஒரு பெரிய தீர்மானத்துக்கு வந்தார். இருபத்தெட்டு வருடமாக வீட்டில் நடந்துவரும் வழக்கை இன்று மாலைக்குள் முடித்துவிடுவது. வாதம் வேண்டாம், சமரசம் வேண்டாம். தீர்ப்பைக் கணினி சொல்லும்.

வழக்கு இதுதான். கணவனும் மனைவியும் பியானோ முன்னால் சேர்ந்து உட்கார்ந்தால் இரண்டு பேர் கையும் ஒன்றாக இறங்காது. "நீ முந்தறே" என்பார் அவர். "நீங்க பிந்தறீங்க" என்பாள் சுமியே. பட்டத்தைப் பார்த்தால் அவர்தான் வித்வான். டோக்கியோவில் இசைக் கல்லூரியில் படித்தவர். முப்பது வருடமாக மத்சுமோட்டோவில் வீட்டோடு உட்கார்ந்து, பாடகர் குழுக்கள் கிறுக்கி அனுப்பும் பாட்டுகளைக் கணினியில் ஏற்றி, அச்சுக்குப் போகும் சுரத்தாளாக ஆக்கித் தருபவர். சுமியே மழலையர் பள்ளியில் பியானோ வாசித்து ஓய்வு பெற்றவள். படித்தவர் சொன்னதைப் பள்ளிக்கூடம் கேட்க வேண்டாமா? கேட்கவில்லை. வீட்டில் தாளம் போடுபவர் என்னவோ படித்தவர்தான், மனைவியின் பேச்சுக்கு.

இத்தனை நாள் அது வீட்டுச் சண்டையாக இருந்தது. இப்போது ஊர் விவகாரம் ஆகிவிட்டது. ரிண்டோ மகளிர் பாடகர் குழுவின் முப்பதாவது ஆண்டு விழா டிசம்பர் முதல் ஞாயிறு. குழுவுக்குப் பியானோ வாசித்தவள் மகளின் பிரசவத்துக்காகச் செண்டாய் போய்விட்டாள். அந்த நாற்காலி கணவனுக்கா, மனைவிக்கா? குழுத் தலைவி ஒகிவாரா அம்மா இதற்காகத்தானோ என்னவோ, பதினைந்து நாளில் மூன்று தடவை வந்து போய்விட்டார். வருவார், முள்ளங்கி ஊறுகாய் கொடுப்பார், பனியைப் பற்றிப் பேசுவார், போய்விடுவார். வீட்டில் ஊறுகாய் மூன்று டப்பா சேர்ந்துவிட்டது.

இன்றும் மூன்று மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்.

யோஷிஹாருவிடம் ஒரு ரகசியம் இருந்தது. ஜூலையிலிருந்து அவருடைய வலது மோதிர விரல் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. மற்ற நாலும் இறங்கி உட்கார்ந்த பிறகு, கூட்டத்துக்கு நேரம் கழித்து வரும் அதிகாரி மாதிரி அது வந்து சேரும். போதாததற்கு, மேடை என்றாலே அவருக்கு ஆகாது. பிறகு எதற்கு அந்த நாற்காலி? சவரம் செய்யும்போது கண்ணாடியில் தெரிந்த ஆளிடம் அவர் இதைக் கேட்டுப் பார்த்தார். அந்த ஆளும் சோப்பு நுரையோடு முழித்தான். வேண்டாம் என்றால் ஏன் என்பார்கள். விரல் என்று சொல்ல வேண்டியிருக்கும். அதை வாய்விட்டுச் சொல்லிவிட்டால் கல்லூரி, பட்டம், இருபத்தெட்டு வருட வழக்கு எல்லாம் அந்த ஒரு வார்த்தையோடு போய்விடாதா? வாசிக்கவும் பயம். வாசிக்கவில்லை என்று சொல்லவும் பயம். பயந்தவன் செய்வதை அவரும் செய்தார். திருட்டுத்தனம்.

அவருடைய மென்பொருளுக்கு ஒரு குணம். நாம் வாசிப்பதைக் கேட்டு அதுவே எழுதும். சுரங்கள் உட்காரும் ஐந்து கோட்டின் குறுக்கே செங்குத்தாக ஓர் எல்லைக்கோடு நிற்கும். தாளத்தின் ஒரு சுற்று அங்கே முடிந்து அடுத்தது தொடங்கும். விரல் அந்தக் கோட்டுக்கு மயிரிழை முன்னால் இறங்கிவிட்டால் மென்பொருள் விடாது. கோட்டுக்கு இந்தப் பக்கம் கண்ணிமைக்கும் நேரம்கூட ஒலிக்காத, நாலு வால் வைத்த பொடிச் சுரம் ஒன்றைப் போட்டு, அதை வில் போல வளைந்த ஒரு கோட்டால் அந்தப் பக்கத்துச் சுரத்தோடு கட்டி வைக்கும். மயிரிழை பின்னால் இறங்கினால் கோட்டுக்குப் பின்னால் ஒரு பொடி மௌனக் குறி. தாலாட்டு வாசித்தால்கூடத் தாளில் முள்வேலி முளைத்துவிடும். அதற்காகவே உள்ளே ஒரு கேள்வி வைத்திருக்கிறார்கள்: எவ்வளவு பொடிச் சுரம் வரை எழுதட்டும்? பெரிய அளவாகச் சொல்லிவிட்டால் பொடிகள் அதன் கண்ணில் படாது. முந்தியது, பிந்தியது எல்லாம் நகர்ந்து போய்க் கோட்டருகே கைகட்டி நிற்கும்.

சுமியேவின் பக்கத்துக்கு யோஷிஹாரு ஆகப் பொடி அளவை வைத்தார். தன் பக்கத்துக்கு ஆகப் பெரிய அளவை வைத்தார். பிறகு கை கழுவினார்.

மூன்று மணிக்கு ஒகிவாரா அம்மா நாலாவது டப்பாவோடு வந்து, கணப்பு வைத்த குட்டை மேசைக்கு அடியில் காலை நீட்டிக்கொண்டார். எழுபத்தொரு வயது. குழுவில் கட்டைக் குரல்.

"என்னமோ பரீட்சைன்னு சுமியே போன்ல சொன்னாளே, யோஷி தம்பி. ரத்தம் கித்தம் எடுப்பீங்களா?"

"வாசிச்சாப் போதும்மா. யார் தாளம் தப்பறாங்கன்னு கணினியே எழுதிடும். அதுக்கு வேண்டியவங்க வேண்டாதவங்க கிடையாது."

"எங்க வீட்டுல எடை பார்க்கற மெஷினுக்கும் கிடையாதுன்னுதான் அவர் சொல்லிட்டிருந்தார். அவர் ஏறினா ஒரு கணக்கு, நான் ஏறினா ஒரு கணக்கு."

யோஷிஹாருவுக்குத் தேநீர் புரையேறியது. சுமியே அவர் முதுகைத் தட்டிவிட்டுப் பியானோ முன்னால் போய் உட்கார்ந்தாள். அது கணினியோடு இணைத்த மின் பியானோ, சத்தம் வாசிப்பவர் காதில் மாட்டிய கருவிக்குள் மட்டும்தான் கேட்கும். அதில் கணினி டிக் டிக் என்று தாளம் போட, விழாப் பாட்டின் முதல் பக்கத்தை வாசித்தாள். சுரங்கள் மொய்த்துத் திரை கறுத்துவிட்டது.

"இது என்ன, எறும்பு ஊருது?" ஒகிவாரா அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"பொடிச் சுரம்மா. ஒவ்வொரு கோட்டுக்கும் முன்னாடி ஒண்ணு நிக்குது பாருங்க. கோடு வர்றதுக்குள்ளயே இவ காலை நீட்டிடறா."

"நான் எங்கே காலை நீட்டினேன்?" என்றாள் சுமியே. "வாசல்ல செருப்பைக் கழட்டி வெச்சுட்டு, கதவு திறக்கட்டும்னு நிக்கறேன்."

"ஒவ்வொண்ணுக்கும் நாலு வாலு வேற."

"குரங்குக்கே ஒண்ணுதானே தம்பி?"

"அதைத்தாம்மா நானும் சொல்றேன்."

அடுத்து அவர் வாசித்தார். மோதிர விரல் வழக்கம்போல வந்தபோது வந்தது. திரையில் மட்டும் ஒரு பொடி இல்லை, ஒரு வால் இல்லை. சுரங்கள் காலை வணக்கத்துக்கு நிற்கும் பிள்ளைகள் மாதிரி வரிசையாக நின்றன.

"அடேயப்பா. இஸ்திரி போட்ட சட்டை மாதிரி இருக்கே," என்றார் ஒகிவாரா அம்மா. பிறகு தயங்கித் தயங்கி, "இதைப் பார்த்தா நீங்கதான் வாசிக்கணும் போல," என்று இழுத்தார்.

ஜெயித்தாகிவிட்டது. யோஷிஹாரு வலது கையை மடிக்கு இழுத்துக்கொண்டார். நானூறு நாற்காலி போட்ட அரங்கமும், விளக்கும், அதன் நடுவில் வராமல் நிற்கும் ஒரு விரலும் கண்ணுக்குத் தெரிந்தன. ஐயோ, இதற்காகவா பாவம் செய்தேன் என்று தோன்றியது.

சுமியே மேசையருகே ஆப்பிள் சீவிக்கொண்டிருந்தாள். தோல் அறுபடாமல் நீளமாகத் தொங்கியது.

"பக்கம் அழகாத்தான் இருக்கு," என்றாள். "ஆனா நம்ம குழு பக்கத்தையா பார்க்கப் போகுது? காதாலயும் கேட்டுருவோமே."

சொல்லிக்கொண்டே சுண்டு விரலால் கணினி விசைப்பலகையின் நீளக் கட்டையைத் தட்டினாள்.

அப்போதுதான் அவருக்கு அது நினைவுக்கு வந்தது. மென்பொருள் எழுத்தைத்தான் சீர்செய்யும். கேட்டதைக் கேட்டபடியே உள்ளே வைத்திருக்கும். ஒலிபெருக்கியை அவர் திறந்தே பத்து வருடம் இருக்கும். சுரத்தாள் செய்பவனுக்குக் கண்தானே தொழில். யார் அதைத் திறந்து வைத்தது?

முதலில் அவருடைய வாசிப்பு வந்தது. நாலு விரல் போய்ச் சேர்ந்தது. கொஞ்சம் பொறுத்து ஐந்தாவது வந்தது. மறுபடி நாலு. மறுபடி ஒன்று.

ஒகிவாரா அம்மா ஊறுகாயை மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். "தம்பி, பாட்டு ஷியோஜிரி ஸ்டேஷன் தாண்டிடுச்சு. உங்க விரல் இன்னும் டிக்கெட் எடுக்குது."

அடுத்து சுமியேவுடையது. எறும்பும் முள்வேலியுமாகத் திரையில் இருந்தது, காதில் துள்ளிக்கொண்டு ஓடியது.

"இதுல பாடலாம். நம்ம குழுவுல பாதிப் பேரு எழுபது தாண்டினவங்க. முன்னாடியே முதுகுல கை வெச்சுத் தள்ளினாத்தான் நேரத்துக்கு வாய் திறப்போம்."

"குழந்தைங்களும் அப்படித்தான்," என்றாள் சுமியே. "மூச்சு எடுக்கச் சொல்லணும்ல."

யோஷிஹாரு தலை குனிந்துகொண்டார். "சத்தம் இதுல இருக்கும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க தினமும் நாற்பது நிமிஷம் வெந்நீர்த் தொட்டியில ஊறறீங்களே, அந்த நேரத்துல இதை யார் துடைச்சு வெக்கறாங்கன்னு நினைச்சீங்க? ஆறு மாசமா இதுலதான் சாதகம் பண்றேன். அந்தப் பொடி அளவு, பெரிய அளவு எல்லாம் தெரியும். இன்னைக்கு எனக்கு எது வெச்சீங்க, உங்களுக்கு எது வெச்சீங்கன்னும் தெரியும்."

ஒகிவாரா அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிப் பனியைப் பார்த்தார். பனி இன்னும் பெய்ய ஆரம்பிக்கவில்லை.

"விரல்..." என்று ஆரம்பித்தார் யோஷிஹாரு.

"மோதிர விரல். வலது கை. ஜூலையிலேர்ந்து நீங்க சாப்பிடற குச்சியில நாட்டோ பயறு நிக்க மாட்டேங்குது. தினமும் மேசைக்குக் கீழ நாலு பயறு பொறுக்கறேன். திங்கக்கிழமை டாக்டர்கிட்டப் போறோம், பேரு குடுத்தாச்சு."

அவ்வளவுதான். நாலு மாதமாக அவர் சவரக் கண்ணாடியிடம்கூடச் சொல்லாத வார்த்தையை அவள் ஆப்பிள் துண்டோடு சேர்த்துத் தட்டில் வைத்துவிட்டாள். கல்லூரி இடிந்து விழவில்லை. பட்டம் சுவரிலேயே தொங்கியது. நெஞ்சில் உட்கார்ந்திருந்த பானையை யாரோ இறக்கிவைத்த மாதிரி இருந்தது. இவ்வளவு லேசான விஷயத்தையா இவ்வளவு கனமாகச் சுமந்தேன்? அவர் இரண்டு துண்டு ஆப்பிளை ஒன்றாக வாயில் போட்டுக்கொண்டார். வெகுநாளைக்குப் பிறகு ருசி தெரிந்தது. மானத்தை ஓரளவாவது காப்பாற்றிக்கொள்ளலாம் என்றும் தோன்றியது.

"அப்படின்னா சரி," என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். "நானே விட்டுக்குடுக்கறேன். சுமியே வாசிக்கட்டும்."

"அப்பாடா," என்றார் ஒகிவாரா அம்மா. பையைத் திறந்து, மடிப்புக் கலையாத ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். விழாவின் நிகழ்ச்சி நிரல். பியானோ: சுமியே. அதற்குக் கீழே, பூதக்கண்ணாடி கேட்கும் எழுத்தில், பக்கம் திருப்புபவர்: யோஷிஹாரு.

"இது எப்போ அச்சடிச்சது?"

"போன மாசக் கடைசியில. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் தம்பி, ஒவ்வொரு தடவையும் ஊறுகாயைக் குடுத்துட்டுக் குடுத்துட்டுத் திரும்பிப் போனேன். நல்லவேளை, நீங்களே பரீட்சை வெச்சீங்க. எங்க வீட்டுல இனிமே முள்ளங்கியும் இல்லை."

யோஷிஹாரு தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அச்சு சுத்தமாக இருந்தது. அவருடைய கணினியில் செய்ததுதான், அவர் தொட்டியில் ஊறிக்கொண்டிருந்தபோது.

"பக்கம் திருப்பறது சாதாரண வேலை இல்லைங்க," என்றாள் சுமியே. "கோடு வர்றதுக்கு முன்னாடியே திருப்பணும். நான் தலையாட்டுவேன். ஆட்டின அந்த நொடியே திருப்பணும், மயிரிழைகூடப் பிந்தக் கூடாது. உங்களால முடியுமா? இப்பவே பார்த்துருவோம். நான் தலையாட்டினதும் 'சரி'ன்னு சொல்லுங்க."

அவள் தலையை ஆட்டினாள்.

"சரி," என்றார் யோஷிஹாரு. இருபத்தெட்டு வருடச் சாதகம். அந்த ஒரு சுரத்தில் மட்டும் அவர் என்றைக்கும் பிந்தியதே இல்லை.