ஒன்றரை வேகம்

ஜீஷானுக்குக் கிடார் யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. செல்போனில் ஒரு சினிமாப் பாட்டைப் போடுவான், நான்கு நொடி கேட்டு நிறுத்துவான், அந்தச் சத்தத்தைக் கம்பியில் தேடுவான். கிடைக்கும்வரை விடமாட்டான். இப்படியே நாற்பது பாட்டைத் தேற்றிவிட்டான். செங்கம் ரோட்டுக் காபிக் கடைகளில், ஆசிரமத்துக்கு வந்த வெள்ளைக்காரர்கள் தலையாட்டினார்கள். அவனுக்கோ உள்ளூர்க்காரர்கள் தலையாட்ட வேண்டும். அதற்கு மாவட்டக் கலை விழா மேடை வேண்டும். மேடைக்குக் கலைஞர் அட்டை வேண்டும். அட்டைக்கு வேங்கிக்கால் கலை பண்பாட்டு அலுவலகம் போக வேண்டும்.

ஏழு மாதம் ஆழ்ந்த பரிசீலனையில் இருந்த அவன் மனு, விழாவுக்கு முந்தின நாள் கண்காணிப்பாளர் அருணகிரியின் கைக்கு வந்து சேர்ந்தது.

"குரு பேருன்ற இடத்துல செல்போன்னு எழுதியிருக்க?"

"அதுல கேட்டுத்தான் சார் கத்துக்கிட்டேன்."

"சரி, குருவோட கையெழுத்து எங்க?"

"போன் எப்படி சார் கையெழுத்து போடும்?"

"கைரேகையாவது?"

"அதுல என் கைரேகைதான் சார் இருக்கு."

அருணகிரி யோசித்தார். "சிஷ்யன் ரேகை குருகிட்ட இருக்கு. குரு ரேகை சிஷ்யன்கிட்ட இல்ல. பாதி ஆவணம் ஓகே. மீதிக்கு நேரடி ஒப்பீடு பண்ணிடலாம்."

நேரடி ஒப்பீடு என்பது, உதவியாளர் அருணாதேவி தன் போனில் பாட்டைப் போட, கூடவே ஜீஷான் வாசிப்பது. போன் முதலில் முடித்துவிட்டது. ஜீஷான் தனியாக வாசித்துக்கொண்டிருந்தான்.

"ஒரு நிமிஷம் இருபது செகண்ட் ஜாஸ்தி" என்று அருணாதேவி குறித்துக்கொண்டார்.

"மேடம், உங்க போன் ஒன்றரை ஸ்பீடுல ஓடுது."

"நான் எல்லாமே அப்படித்தாம்பா பாப்பேன். சீரியல், சமையல், சாமி பிரசங்கம்கூட. மெதுவா பாக்க யாருக்கு நேரம் இருக்கு?"

"ஒரிஜினல் நாலு நிமிஷம் மேடம்!"

"அலுவலர் முன்னிலையில ஓடினதுதான் ஒரிஜினல்" என்றார் அருணகிரி. "ஏழு மாசமா பெண்டிங். இன்னும் லேட் பண்ணாத தம்பி."

அந்தப் பாட்டின் நடுவில் ஓர் இடம் உண்டு. எல்லா வாத்தியமும் அடங்கி, பாட்டே மூச்சு வாங்கும். அதைப் பிடிக்க அவனுக்கு மூன்று வாரம் ஆகியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, போன் ஓடிய ஓட்டத்துக்கு வாசித்தான். மூச்சு போயிற்று, அட்டை வந்தது. 'பதிவுக்கும் வாசிப்புக்கும் வேறுபாடு யாதுமில்லை' என்று எழுதி முத்திரை குத்தினார்கள்.

மறுநாள் மேடையில் அவன் மனசு கேட்கவில்லை. நாலு நிமிடப் பாட்டை நாலு நிமிடமாகவே வாசித்தான். மூச்சு வாங்கும் இடம் வந்தது. விரல் நின்றது.

"என்ன தம்பி, நெட்டு ஸ்லோவா?" என்று யாரோ கத்த, கூட்டமே சிரித்தது. பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள்.

"ரசனை கெட்ட ஊரு! நாலு நிமிஷம் உக்கார முடியல இவங்களால!" என்று வீடு வரை பொருமிக்கொண்டே வந்தான். தங்கை மெஹ்ஜபீன்தான் அவனைத் தேற்றினாள். விழாவில் அவள் எடுத்த வீடியோவைக் காலையில் டீயோடு இருவரும் உட்கார்ந்து பார்த்தார்கள்.

ஒரு நிமிடம் ஓடியிருக்கும்.

"என்னா இழுவையா இருக்கு!" என்று சொல்லி, ஜீஷான் வேகத்தை ஒன்றரையில் வைத்தான்.