வாய்க்கால் கரையில் வந்த பறக்கும் தட்டு

கூச்சப்படுகிறவர்களுக்கு ஒரு சாபம் உண்டு. பேச வேண்டிய இடத்தில் வாய் திறக்காது. பேசக் கூடாத இடத்தில் திறந்தால் மூடாது. என் வாழ்க்கையில் அது ஒரே ஒரு முறைதான் முழுசாகத் திறந்தது. அதுவும் ஒரு பறக்கும் தட்டின் முன்னால்.

எழுபதுகளின் கடைசி. பத்தாவதோடு படிப்பை முடித்துக்கொண்டு நாமகிரிப்பேட்டையில் எங்கள் காட்டில் வெள்ளாமை பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பெண் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். முதலில் போன இரண்டு வீட்டிலும் அவர்கள் கேட்ட கேள்விகளுக்கு நான் தலையை மட்டும் ஆட்டினேன். (மேலும் கீழுமா, பக்கவாட்டிலா என்று எனக்கே தெரியவில்லை.) "பையனுக்குப் பேச்சு வராதாட்டம் இருக்குது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஊமை என்ற பேர் எனக்கு முன்னால் பஸ் ஏறிப் போய் எல்லா ஊரிலும் இறங்கிவிட்டது.

மூன்றாவது இடம் பரமத்தி வேலூருக்குப் பக்கத்தில். அந்தப் பெண்ணை ஒரு கல்யாணப் பந்தியில் பார்த்திருந்தேன். ரசம் ஊற்ற வந்தவள், நான் போதும் என்று சொல்லாததால் இலை நிறைய ஊற்றிவிட்டு, "வாயத் தொறந்து சொல்லமாட்டீங்களா?" என்றாள். அன்றைக்கே மனசு அங்கே போய்விட்டது. இதுவும் தப்பினால் எனக்கு வேறு இடமே அமையாது என்று அம்மா அழ ஆரம்பித்திருந்தாள்.

தை மாதம். முதல் பஸ்ஸில் தாய்மாமாவும் நானும் கிளம்பினோம். நான் முடிவெட்டும் கடையில் படித்த ஒரு வாரப் பத்திரிகைச் செய்தியை, வாயைப் பழக்குவதற்காக, அவரிடம் சொல்லிக்கொண்டு வந்தேன். வெளிநாட்டில் வட்டமாக, பளபளவென்று ஒன்று இறங்கியதாம். ஒரு ஆளைத் தூக்கிப்போய், கேள்வி கேட்டுவிட்டுத் திருப்பி விட்டதாம்.

மாமா சிரித்தார். "இது என்றா அதிசயம்? நம்மூர்ல வாய்க்காக் கரையில முனி போறதில்லையா? கொள்ளிவாய்ப் பிசாசு பறக்கறதில்லையா? அவங்க தட்டுங்கறாங்க, நாம முனிங்கறோம். எல்லாம் ஒண்ணுதான்."

"எதுக்கால வந்துச்சுன்னா என்ன பண்றது மாமா?"

"ஓடப்படாது. ஓடுனா தொரத்தும். குப்புறப் படுத்து மண்ணப் புடிச்சுக்கோணும். வந்த காரியத்த உள்ளது உள்ளபடி சொல்லீரோணும். நெசத்தச் சொன்னா முனி உட்டுரும்."

ஊர் விலக்கில் இறங்கியபோது விடிந்தும் விடியாத பனி. மாமா டீக்கடையில் உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பயத்தில் வயிறு கலக்கியது. (பெண் பார்க்கப் போனால் எனக்கு எப்போதும் கலக்கும்.) ஒதுங்குவதற்காக வாய்க்கால் கரையோடு நடந்தேன். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குக் கரும்பு.

வந்த வேலையை முடித்துக் கால் கழுவி நிமிர்ந்தேன். பனிக்குள்ளிருந்து அது வந்தது.

வட்டமாக இருந்தது. ஒரு சின்னக் குடிசையின் கூரை அகலம். கவிழ்ந்த தட்டு மாதிரி, நடுவில் மேடு தட்டி, வெயிலின் முதல் கீற்று பட்டுப் பளபளத்தது. தலை இல்லை, உடம்பு இல்லை. அடியில் ஏகப்பட்ட கால்கள். எல்லாம் வெறுங்கால்கள்.

அதோடு அது பேசியது. அண்டாவுக்குள் இடி இடித்த மாதிரி ஒரு குரல்: "மெல்ல... மெல்ல... எடதுல வா..."

அந்தக் கிரகத்திலும் நம் பாஷைதான் என்று ஒரு நொடி ஆறுதலாக இருந்தது. அடுத்த நொடி கரையில் குப்புற விழுந்து, கையில் கிடைத்த புல்லைப் பிடித்துக்கொண்டேன். என் வாய் திறந்தது.

"சாமி, நான் நாமகிரிப்பேட்டைங்க! பொண்ணு பாக்க வந்தனுங்க! ரெண்டு எடத்துல ஊமைன்னு தள்ளிப்போட்டாங்க. ஊமை இல்லீங்க, கூச்சமுங்க! இந்தப் பொண்ணுன்னா எனக்கு உசுருங்க. ரசம் ஊத்துனதுல இருந்து எனக்குத் தூக்கமே இல்லீங்க. இது தப்பிப் போச்சுன்னா எங்கம்மா தாங்காதுங்க. கேள்வி கேக்க ஆளு வேணும்னா டீக்கடையில எங்க மாமன் இருக்காருங்க. என்னையாட்டம் இல்லீங்க, எதக் கேட்டாலும் பதில் சொல்லுவாருங்க. அவரக் கூட்டீட்டுப் போங்க!"

தட்டு நின்றது. பிறகு உள்ளேயிருந்து ஒரு குலுங்கல். தட்டு ஆடியது. இடி மாதிரி சிரிப்பு.

"எறக்குங்கப்பா, எறக்குங்க! சிரிச்சா கழுத்து முறிஞ்சிரும்!"

அதை மெல்ல இறக்கி வைத்தார்கள். தலையில் சும்மாடு கட்டிய ஆறு பேர் வெளியே வந்தார்கள். அது வெல்லம் காய்ச்சுகிற கொப்பரை. புதுசு. வண்டி வாய்க்கால் பாலத்தில் திரும்பாததால், கவிழ்த்துத் தலையில் தூக்கிக்கொண்டு ஆலைக் கொட்டகைக்குப் போகிறார்கள். கொப்பரையை நான் பார்க்காதவன் இல்லை. ஆனால் அடுப்பின் மேல் உட்கார்ந்த கொப்பரையைத்தான் பார்த்திருந்தேன். நடந்து வந்த கொப்பரை எனக்கு அதுதான் முதல்.

அவர்களில் பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கை கொடுத்தார். "எந்திரிங்க தம்பி."

நான் எழாமலே கேட்டேன். "நீங்க எந்தக் கிரகமுங்க?"

"பக்கத்துத் தோட்டமுங்க. அது கெடக்கட்டும், நீங்க யாரூட்டுக்குப் பொண்ணு பாக்க வந்தீங்க?"

"செல்லமுத்து ஊட்டுக்குங்க."

மற்ற ஐந்து பேரும் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவர் மட்டும் மூச்சு வாங்கியபடி பெரியவரைக் காட்டினார். "இவருதானுங்க செல்லமுத்து."

வாய்க்காலில் தண்ணீர் முழங்கால் அளவுதான் போனது. இல்லாவிட்டால் குதித்திருப்பேன்.

சத்தம் கேட்டு மாமா டீ கிளாஸோடு ஓடி வந்தார். கதையை முழுசும் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "ஏண்டா, உன்னையத் தூக்கி வளத்தனே, அதுக்கு என்னைய முனிக்குப் புடிச்சுக் குடுத்துப்போட்டயா?"

வீட்டுக்குப் போனோம். எங்களுக்கு முன்னால் கதை போய்விட்டது. சமையலறையில் சிரிப்பை அடக்குகிற சத்தம். நான் பாயில் உட்கார்ந்து, திரும்பிப் போக எத்தனை மணிக்கு பஸ் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மாமா மன்னிப்புக் கேட்கிற குரலில் ஆரம்பித்தார். "பையன் கொஞ்சம் பயந்த சுபாவமுங்க..."

செல்லமுத்து கையைக் காட்டி நிறுத்தினார். "இருங்க. பேச்சு வராதுன்னு எங்ககிட்டயும் சொன்னாங்க. அந்தக் கவலைதான் எனக்கு இருந்துச்சு. இன்னிக்கு அது போயிருச்சு. இனிப் பொண்ணு சொல்லட்டும்."

காப்பித் தட்டோடு வந்தவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். வெட்கத்தில் இல்லை, சிரிப்பில். அப்பா கேட்டதும் அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "உசுரு போற நேரத்துல மாமனக் குடுக்கறேன்னாரு. என்னைய உட்டுடறேன்னு சொல்லலையே. சரின்னு சொல்லீருங்கப்பா."

அந்த வாக்கியத்துக்கு நான் இன்றுவரை கடன்பட்டிருக்கிறேன். மாமாவுக்கும்தான். கல்யாணத்தில் என் கையைப் பிடித்து மணவறையில் உட்கார வைத்தவர் அவர்தான். "இந்தத் தடவ நான் உன்னையக் குடுக்கறன்டா" என்று காதில் சொன்னார். என் மாமனார் அதற்குப் பிறகு யாரிடமாவது எனக்காகப் பேச வேண்டி வந்தால், நான் சொல்லத் தயங்குவதை அவரே சொல்லிவிடுவார். என்னைப் பேசு என்று ஒரு நாளும் வற்புறுத்தியதில்லை.

கதை அதோடு முடிந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். போன தைக்கு, பல வருஷம் கழித்து, மனைவியோடு அவள் ஊருக்குப் போனேன். வாய்க்கால் கரையில் நான் விழுந்த இடத்தில் ஒரு கல். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் வைத்திருந்தது. பக்கத்தில் ஒரு இளவட்டம் சூடம் கொளுத்திக்கொண்டிருந்தான்.

"இது என்ன சாமி தம்பி?" என்று கேட்டாள் என் மனைவி.

"மாப்பிள்ளை முனிங்க. அந்தக் காலத்துல பொண்ணு பாக்க வந்த ஒருத்தர முனி மறிச்சுருச்சுங்க. நெசத்தச் சொன்னாராம், உட்டுருச்சாம். பொண்ணு பாக்கப் போறவங்க இங்க கும்பிட்டுப் போனா காரியம் முடியுமுங்க. எனக்கு நாளைக்குப் பொண்ணு பாக்கப் போறாங்க."

"அந்த மாப்பிள்ளை என்ன ஆனாருங்க?"

"அவருதானுங்க தெய்வமாயிட்டாரு."

நான் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். வழக்கம்போல் ஒன்றும் வரவில்லை. அந்தப் பையன் என் நெற்றியில் திருநீறு பூசிவிட்டான். அவனுக்கும் வயிறு கலக்கிக்கொண்டிருக்கிறது என்று முகத்திலேயே தெரிந்தது. அவனுக்கு நல்லபடியாக முடிய வேண்டும் என்று மனசார வேண்டிக்கொண்டேன். (யாரிடம் வேண்டினேன் என்று கேட்காதீர்கள்.)

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எனக்குப் பெயர் மாறிவிட்டது. "தெய்வம் போயி மாட்டுக்குத் தண்ணி காட்டீட்டு வரட்டும்" என்கிறாள் என் மனைவி. பேரப்பிள்ளைகளும் அப்படியே கூப்பிடுகிறார்கள். தெய்வம் எழுந்து போய்த் தண்ணீர் காட்டிவிட்டு வருகிறது.