இன்னொரு ஆஸ்பத்திரிக்காரர்

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. அவர்களுக்கு வைத்தியம் தெரியாது, ஆனால் ஆஸ்பத்திரி தெரியும். எந்த ஆஸ்பத்திரி? நீங்கள் போகப்போகிற ஆஸ்பத்திரி அல்ல. அதைத் தவிர ஊரில் இருக்கிற இன்னொன்று. உங்கள் வீட்டில் யாருக்காவது வயிறு லேசாக மேடிட்டால் போதும், செருப்பை வாசலில் தாறுமாறாக உதறிவிட்டு உள்ளே வந்து, சோபாவின் நடுவிடத்தைப் பிடித்துக்கொண்டு, ஆற அமர, "எங்க காட்டுறீங்க?" என்று கேட்பார்கள். அரசு ஆஸ்பத்திரி என்று சொல்லிப் பாருங்கள். பிள்ளையைப் பேருந்து நிலையத்தில் பெறப்போகிறோம் என்று சொன்னது மாதிரி முகம் போகும். "ஐயோ, அங்கயா?" சரி, தனியார் என்று சொல்லிப் பாருங்கள். அதே முகம். அதே ஐயோ.

இவர்களுக்கு இன்னொரு ஆஸ்பத்திரிக்காரர் என்று நானே பெயர் வைத்திருக்கிறேன். ஆணிலும் உண்டு, பெண்ணிலும் உண்டு. படித்தவர் படிக்காதவர் வித்தியாசமெல்லாம் கிடையாது. பார்க்க வேண்டுமானால் அதிகம் அலைய வேண்டாம், வீட்டில் ஒரு பிரசவத்துக்கு நாள் குறித்துவிட்டு வாசல் கதவைத் திறந்து வையுங்கள், தானாக வருவார்கள்.

எங்கள் குடும்பத்துக்கு வாய்த்தவர் இந்த இனத்தில் சொக்கத்தங்கம். என் தங்கையின் சின்ன மாமனார், அதாவது அவள் வீட்டுக்காரருடைய சித்தப்பா. குடிநீர்க் குழாய் இலாகாவில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். குடலிறக்கத்துக்கு ஒருமுறை ஆபரேஷன் செய்துகொண்டவர். இந்த இரண்டு அனுபவத்தையும் கலந்து அவர் ஒரு பரிசோதனை கண்டுபிடித்திருக்கிறார். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், டாக்டரைப் பார்க்க மாட்டார், நர்சைப் பார்க்க மாட்டார், நேராகக் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறப்பார். தண்ணீர் வருகிற வேகத்தைப் பார்ப்பார், திருகை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்ப்பார், மூடிவிட்டு, சொட்டுகிறதா என்று தலையைச் சாய்த்துக் காத்திருப்பார். வெளியே வரும்போது தீர்ப்பு தயாராக இருக்கும்.

"குழாய்லயே சொட்டு நிக்கல. இவங்க எங்க ரத்தத்த நிறுத்தப் போறாங்க?"

 

தங்கைக்கு இது இரண்டாவது பிரசவம். முதல் குழந்தை சிசேரியன், வேறு ஊரில் நடந்தது. இதுவும் அப்படித்தான் என்று, மாதாமாதம் அவளைப் பார்த்துவந்த தெருமுனை கிளினிக் டாக்டரம்மா முன்கூட்டியே சொல்லிவிட்டார். "கவர்மெண்ட்லயும் நல்லா செய்வாங்க, பிரைவேட்லயும் நல்லா செய்வாங்க. வீட்ல பேசி முடிவு பண்ணிட்டு வாங்க, லெட்டர் தர்றேன்" என்றார். பேசி முடிவு பண்ணுங்கள் என்று எங்கள் குடும்பத்தைப் பார்த்துச் சொல்லலாமா? முதல் பாதி வரைக்கும்தான் எங்களுக்கு வரும்.

தங்கைக்கு இருந்த பயம் வேறு. முதல் தடவை முதுகில் போட்ட மயக்க ஊசி அவளுக்குச் சரியாகப் பிடிக்கவில்லை. கத்தி பட்டதும் வலிக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். "அழுத்துறதுதாம்மா தெரியும், வலிக்காது" என்று அவளுக்கே பாடம் எடுத்திருக்கிறார்கள். வலித்தது. அலறிய பிறகுதான் முழு மயக்கம் கொடுத்தார்கள். அன்றிலிருந்து அவளுக்கு ஒரே ஒரு கேள்விதான். இந்தத் தடவை வலிக்கிறது என்று சொன்னால் அங்கே இருப்பவர்கள் நம்புவார்களா? ஏசி இருக்கிறதா இல்லையா என்பதில் அவளுக்கு ஒரு கவலையும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் சபை கூடியது. தங்கை வீட்டுக்காரர், கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், தனியார் பக்கம் சாய்ந்திருந்தார். ஆகவே சின்ன மாமனார் அரசு ஆஸ்பத்திரிக்காக எழுந்து நின்றார். தனியாரில் பெயர்ப்பலகையில் எரிகிற விளக்குக்கெல்லாம் யார் தலையில் கை வைக்கிறார்கள், லிப்டுக்குள் பாட்டு எதற்கு, வரவேற்பறையில் மீன்தொட்டி எதற்கு, பிள்ளை பெற வந்தவள் மீனையா பார்ப்பாள், பத்துப் பேருக்கு வைத்தியம் பார்த்த கை நல்ல கையா, பத்தாயிரம் பேருக்குப் பார்த்த கை நல்ல கையா என்று மூச்சு விடாமல் அடுக்கினார். என் அம்மா பலகாரத் தட்டை நீட்டியபோதுதான் நிறுத்தினார்.

"அந்த முதுகு ஊசி..." என்று தங்கை ஆரம்பித்தாள்.

"அதெல்லாம் அவங்க பாத்துப்பாங்கம்மா. நீ கால நீட்டி உக்காரு."

மறுபடியும் வண்டி நிறுத்துகிற இடம், கூட வருகிறவர்கள் படுக்க பெஞ்சு, கேன்டீன் காபி. பிள்ளை பெறப்போவது கேன்டீனில் என்று நினைக்கிற அளவுக்குக் காபியைப் பற்றிப் பேசினார்கள். கடைசியில் மாப்பிள்ளைக்குக் காது வலித்ததோ, மனசுதான் மாறியதோ, "சரி சித்தப்பா, நீங்க சொல்றதுதான் சரி. கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கே போயிடலாம்" என்றார்.

சித்தப்பாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஜெயித்துவிட்டார். ஜெயித்துப் பழக்கமே இல்லாத மனிதர். கையிலிருந்த முறுக்கை அப்படியே தட்டில் திரும்ப வைத்தார்.

"அவசரப்படாதப்பா" என்றார் மெதுவாக. "பிரைவேட்டையும் கொஞ்சம் யோசிக்கணும்ல? அங்க ஒரு கட்டிலுக்கு ஒரு ஆளு. இங்க கூட்டம் எப்படியிருக்கும்னு உனக்குத் தெரியாது."

அப்போதுதான் தங்கை குரலை உயர்த்தினாள். என் தங்கை குரல் உயர்த்தி நான் கேட்டதே குறைவு.

"எனக்கு வலிக்குதுன்னு சொன்னா நம்புவாங்களா? அத எந்த ஆஸ்பத்திரியில போய்க் கேக்கறது? அத மட்டும் யாராவது சொல்லுங்க."

சின்ன மாமனார் தொண்டையைச் செருமினார்.

"அதுக்குத்தாம்மா நானும் சொல்றேன். மொதல்ல குழாயப் பாக்கணும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சிரிப்பும் வந்து தொலைத்தது. மறுநாள் காலையில் ஒருத்தரிடமும் சொல்லாமல் தங்கையை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நானே கிளம்பினேன்.

இரண்டு ஆஸ்பத்திரிக்கும் போனோம். முதல் இடத்தில் இருந்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன், தண்ணீர் கொடுத்தார்கள், நாற்காலி போட்டார்கள். ஆனால் கேள்விக்கு மட்டும், "அதெல்லாம் அன்னிக்குப் பாத்துக்கலாம்மா, பயப்படாதீங்க" என்று சிரித்தார்கள். பயப்படாதே என்று சொன்னால் பயம் போய்விடுமா? போகிற பயமாக இருந்தால் வீட்டிலேயே போயிருக்காதா?

இரண்டாவது இடத்தில், மயக்க மருந்து கொடுக்கிற டாக்டரைப் பார்க்க முடியுமா என்று கேட்டோம். காத்திருக்கச் சொன்னார்கள். வெகுநேரம் கழித்து, தலையில் ஆபரேஷன் தொப்பியைக் கழற்றாமலே ஒரு நடுவயதுப் பெண் வந்தார். நின்றுகொண்டே பேசப் போகிறார் என்று நினைத்தேன். பெஞ்சில் தங்கை பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் சொல்லி முடிக்கிற வரைக்கும் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை.

"எந்த இடத்துல வலிச்சுது?" என்று கேட்டார் முதலில்.

தங்கைக்கு அதற்கே கண் நிறைந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அப்படி யாரும் அவளைக் கேட்டதில்லை, நான் உட்பட.

"ஊசி போட்டதும் ஐஸ் வச்சுத் தொட்டுப் பாப்பேன். சில்லுன்னு இருக்குன்னு நீங்க சொன்னீங்கன்னா ஊசி இன்னும் பிடிக்கலன்னு அர்த்தம், கத்தியத் தொட விட மாட்டேன். நடுவுல வலிச்சாலும் சொல்லுங்க, நிறுத்திட்டு என்னன்னு பாக்கலாம். நான் உங்க தலைமாட்லயேதான் நிப்பேன்."

அங்கேயே முடிவாயிற்று. குழாயைத் திறந்து பார்க்க மறந்தே போனோம்.

குறித்த நாளில் எல்லோருக்கும் முன்னால் சலவைச் சட்டையில் வந்து நின்றவர் சின்ன மாமனார்தான். தங்கையை உள்ளே கொண்டுபோனதும் அவர் கழிவறைக்குப் போனார். திரும்பி வந்தபோது முகம் வாடியிருந்தது.

"சொட்டவே இல்ல" என்றார் என்னிடம், ஏமாற்றத்தோடு.

அதற்காக அவர் சோர்ந்துவிடவில்லை. பக்கத்தில் ஒரு முன்பின் தெரியாத இளைஞன், பெண்டாட்டியை உள்ளே அனுப்பிவிட்டு நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். அவன் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, "தம்பி, இங்கயா சேத்தீங்க? அங்க விசாரிச்சுப் பாத்தீங்களா?" என்றார். பாவம், அந்தப் பையனுக்கு வியர்த்துவிட்டது. நான் நடுவில் போய் உட்கார்ந்து அவனைக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

பிறகு நர்ஸ் குழந்தையைக் கொண்டுவந்தாள். பெண் குழந்தை. மாப்பிள்ளையை முந்திக்கொண்டு சின்ன மாமனார்தான் வாங்கினார். கன்னத்தில் கண்ணீர் வழிந்ததைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. கெட்ட மனிதர்களாக இருந்தால் இந்த இனத்தை வாசலோடு அனுப்பிவிடலாம். பாசத்தோடு வந்து உட்கார்ந்துகொள்கிறார்களே, அதுதான் தொல்லை.

செய்தி பரவி என் போன் ஓயாமல் அடித்தது. எடை என்ன, யார் ஜாடை, நிறம் எப்படி என்றெல்லாம் கேட்டார்கள். அதற்கெல்லாம் முன்னால் அத்தனை பேரும் கேட்டது, எந்த ஆஸ்பத்திரி என்பதுதான்.

நீங்களும்தானே? அரசா, தனியாரா என்று நான் கடைசிவரை சொல்லவில்லை என்பதைக் கவனித்துவிட்டீர்கள், தெரியும். இரண்டாவது இடம் என்று சொன்னேனே, அந்த டாக்டர் பெஞ்சில் உட்கார்ந்தாரே, பெஞ்சு என்றால் இதுவாகத்தான் இருக்கும், இல்லை, நாற்காலியும் தண்ணீரும் கொடுத்தது அதுவாகத்தான் இருக்கும் என்று கணக்குப் போட்டிருப்பீர்கள். சொல்ல மாட்டேன். சொன்னால் உடனே இன்னொன்றின் பெயர் உங்கள் வாயில் வரும். குழந்தையைத்தான் வெளியே கொண்டுவந்தார்கள், தங்கை இன்னும் உள்ளேதான் இருந்தாள். அவளுக்கு வலித்ததா என்று நீங்கள் இன்னும் கேட்கவில்லை.

வலிக்கவில்லை. நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்லிவைக்கிறேன்.