பேன்ட் பொய் சொல்லாது

பேன்ட் கச்சிதமாக இருந்தது. கொக்கியை மாட்டியதும் இடுப்பைச் சுற்றி எப்போதும் போலப் பொருந்தி உட்கார்ந்தது.

கிரேன்காரர் கட்டில் விளிம்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வயிற்றில் ஐந்து ஓட்டை போட்டு, இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுத்து, இருபத்திரண்டு நாள் தண்ணீராகவே குடித்து உயிர் பிழைத்த மனிதனுக்குப் பேன்ட் கச்சிதமாக இருக்கக் கூடாது. அவிழ்ந்து காலில் விழ வேண்டும்.

"ஏம்மா, யூனிபார்ம் துவைச்சதுல சுருங்கிடுச்சா?"

"இல்லியே," என்றாள் மனைவி சமையலறையிலிருந்து. "ஏன், இறுக்குதா?"

"இறுக்கல. சரியா இருக்கு."

"அப்ப சரி."

அவள் பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவள். கண்ணாடியில் இருக்கும் ஓட்டை வழியாக இருபது வருடம் பேசியதில், எதையும் இரண்டு சொல்லில் முடிக்கும் பழக்கம் வந்துவிட்டது.

அவர் எழுந்து கண்ணாடியில் பார்த்தார். கன்னம் ஒட்டியிருந்தது. அது தூக்கமில்லாததால். வயிற்றைக் கையால் பிடித்துப் பார்த்தார். கை நிறையத் தோல் வந்தது. அப்படியேதான் இருக்கிறது என்று முடிவு செய்தார்.

தொழிற்சாலையில் அவருக்கு நாற்பதடி உயரத்தில் வேலை. இரும்புத் தகட்டுச் சுருள்களைக் கொக்கியில் தூக்கி, லாரியில் இறக்க வேண்டும். சுருள் தரையை விட்டு எழும்போது கம்பி வடம் முனகும். அந்த முனகலைக் கேட்டே சுருள் எத்தனை டன் என்று சொல்லிவிடுவார். ஐம்பது கிலோ முன்னே பின்னே போகாது. அதற்காகவும், வேறு ஒரு காரணத்துக்காகவும், கீழே இருப்பவர்கள் அவரை 'டன் அண்ணே' என்று கூப்பிட்டார்கள். அந்த வேறு காரணம் நூற்று முப்பத்தெட்டு கிலோ.

பத்தொன்பது வருடம் யாருக்கும் அது தொந்தரவாக இல்லை. பிறகு புதிதாக ஒரு பாதுகாப்பு அதிகாரி வந்தார். ஏணியைப் பார்த்தார், கேபின் நாற்காலியைப் பார்த்தார், கிரேன்காரரைப் பார்த்தார். மறுநாள் ஏணிக்குப் பக்கத்தில் ஒரு பலகை தொங்கியது: நூற்றுப் பத்து கிலோவுக்கு மேல் ஏறக் கூடாது. வருடாந்திர மருத்துவப் பரிசோதனைக்கு நான்கு மாதம் இருந்தது. அதில் தேறாவிட்டால் வாசலில் உட்கார்ந்து லாரி எண் எழுத வேண்டும்.

வாசல் என்றால் எல்லோரும் பார்ப்பார்கள். கேபினில் அவரை யாரும் பார்க்க முடியாது; அவர் எல்லோரையும் பார்க்கலாம். உடம்பு என்று ஒன்று இருப்பதை அவர் மறந்து இருந்த ஒரே இடம் அதுதான். அதற்காகத்தான் வயிற்றைக் கத்திக்குக் கொடுத்தார்.

கொடுப்பதும் எளிதாக இல்லை. "உங்க கல்லீரல் கொழுத்துப்போய் இரைப்பை மேல படுத்துக் கிடக்கு," என்றார் மருத்துவர். "அது கொஞ்சம் இளைச்சாத்தான் நான் உள்ள போக முடியும்." அதற்காகப் பதினான்கு நாள் தெளிந்த சூப்பும், நனைந்த அட்டைப்பெட்டி ருசியில் ஒரு பவுடர் பானமும். ஒன்பதாம் நாள் பல் தேய்க்கும்போது பேஸ்ட்டைக் கொஞ்சம் விழுங்கினார். இனிப்பாக இருந்தது. அன்று மூன்று முறை பல் தேய்த்தார். வீட்டில் இருந்த எடைக்கருவி அவர் ஏறினால் எண்ணைக் காட்டாது, பிழை என்று ஓர் எழுத்தைக் காட்டும். அதைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டார்.

அறுவை சிகிச்சையன்று, தள்ளுவண்டிக் கட்டிலில் படுத்தபடி மனைவிக்குக் கட்டளைகள் போட்டார்.

"ஃபேக்டரியில குடலிறக்கம்னு லீவு எழுதியிருக்கேன். நீயும் அதையே சொல்லு."

"சரி."

"வயித்தை வெட்டி இளைச்சவன்னு பேர் வந்துடக் கூடாது. மாத்திரைய டிபன் பாக்ஸோட வைக்காதே. துணி தொளதொளன்னு தொங்கினா கண்டுபிடிச்சுடுவானுங்க. ஆஸ்பத்திரி நம்பரை என் போன்ல கேஸ் கம்பெனின்னு போட்டு வை."

"சரி."

"மெடிக்கல் முடியற வரைக்கும் வீட்ல எடைங்கற பேச்சே வரக் கூடாது. இளைச்சிருக்கீங்கன்னும் சொல்லாதே, இளைக்கலன்னும் சொல்லாதே. எதைச் சொன்னாலும் எனக்குத் தூக்கம் போயிடும்."

"சரிங்க. நான் பாத்துக்கறேன்," என்றாள். வண்டி நகர்ந்தது.

விழித்தபோது தோள்பட்டை வலித்தது. வயிற்றில் செலுத்திய வாயு அங்கே போய் முட்டுகிறது என்றாள் செவிலி. மருந்து மூடியில் முப்பது மில்லி தண்ணீர் கொடுத்தாள். அதைக் குடிக்கக் கால் மணி நேரம் ஆனது. ஒரு மூடி தண்ணீர், வராந்தாவில் ஒரு சுற்று நடை, மறுபடி ஒரு மூடி. கடலையே காலி செய்யச் சொன்னதுபோல இருந்தது.

பதினெட்டாம் நாள், வீட்டில் யாரும் இல்லாத நேரம், அவர் ஒரு கிரீம் பிஸ்கட்டில் பாதியைத் தின்றார். பத்து நிமிடத்தில் அது திரும்பி வந்தது. பாதியும் வந்ததா, கால்தான் வந்ததா என்பதில் அவருக்குச் சந்தேகம் இருந்தது.

இப்போது, பேன்ட் கச்சிதமாக இருந்த காலையில், சந்தேகம் தீர்ந்தது. பிஸ்கட்தான். வெட்டி எடுத்த முக்கால் பங்கின் பலனை அரை பிஸ்கட் தின்றுவிட்டது.

இந்த முகத்தோடு மருத்துவரிடம் எப்படிப் போவது? முதல் மாதப் பரிசோதனைக்குப் போகவில்லை. பஸ் ஏறி, இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கி, பூங்காவில் உட்கார்ந்துவிட்டு வந்தார்.

"டாக்டர் என்ன சொன்னார்?" என்றாள் மனைவி.

"ரொம்பத் திருப்தின்னார்."

அவள் முகம் தெளிந்தது. சமீபமாக அவரை அடிக்கடி கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து அதை விட்டுவிட்டாள்.

மறுநாளிலிருந்து அவர் நான்கு கோப்பை சூப்பை மூன்றாக்கினார். வீட்டில் நாடா வைத்த பைஜாமா. நாடாவுக்கு ஏது அளவு? பெல்ட் அணிந்ததில்லை, அவர் அளவுக்குப் பெல்ட் விற்பவரை அவர் சந்தித்ததில்லை. அவருக்கு இருந்த ஒரே சாட்சி பேன்ட்தான். பேன்ட் பொய் சொல்லாது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு செட் யூனிபார்மையும் மனைவி எடுத்துப்போவாள். திங்கட்கிழமை துவைத்து, தேய்த்து, மடித்து நாற்காலியில் இருக்கும். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காலை நுழைப்பார். கொக்கியை மாட்டுவார். கச்சிதம்.

மூன்று கோப்பை இரண்டானது.

பவுடர் பானத்தை மனைவி தினமும் பாட்டிலில் கலந்து கொடுத்தாள். அதில் சத்து இருக்கிறது. சத்து என்றால் எடை. முதல் வாரம் தொழிற்சாலைக் கைகழுவும் தொட்டியில் கொட்டினார். அது குழாய்க்குள் பசைபோல இறுகி, தண்ணீர் தேங்கி, யார் செய்தது என்று அதிகாரி விசாரணை வைத்தார். பயந்துபோய், ஏணியடியில் திரியும் பூனைக்கு ஊற்றத் தொடங்கினார். எலும்பும் தோலுமாக இருந்த பூனை ஒரே மாதத்தில் பளபளவென்று ஆனது. வயிறு தரையைத் தொட்டது. எலி பிடிப்பதை நிறுத்திவிட்டது.

"உனக்காவது ஒட்டுதே," என்றார் அவர் பூனையிடம். பிறகு யோசித்தார். ஒரு பாட்டில் பானம் பூனையை இப்படி ஆக்கினால், இரண்டு கோப்பை சூப் மனிதனை என்ன செய்யும்? இரண்டு ஒன்றானது.

தலை சீவினால் சீப்பு நிறைய முடி வந்தது. உடம்பில் தலை மட்டும்தான் இளைக்கிறது என்று நினைத்துக்கொண்டார். மோதிரம் விரலிலிருந்து கழன்று விழுந்தது. சோப்பு மிச்சம் இருந்திருக்கும். ஏணியில் பாதி தூரம் ஏறினால் கண் இருட்டியது. கம்பியைக் கட்டிப்பிடித்து நின்று, வெளிச்சம் திரும்பியதும் மீதி ஏறினார். பேன்ட்டிலும் ஏதோ விநோதம். பின்பக்கம் ஆளுக்கொரு ஓரமாக இருந்த இரண்டு பாக்கெட்டும் நடுவுக்கு நகர்ந்து வந்திருந்தன. உட்கார்ந்தால் ஒன்றில் இருந்த பர்ஸும் இன்னொன்றில் இருந்த சாவியும் முட்டிக்கொண்டன. கொழுப்பு இடம் மாறுகிறது என்று முடிவு கட்டினார். வயிற்றில் இடம் இல்லாததால் பின்பக்கம் குடிபோகிறது.

இதற்கிடையில் போன். ஒரு மதியம் அதைக் கீழே மேசையிலேயே வைத்துவிட்டு ஏறிவிட்டார். இறங்கியபோது ஃபோர்மேன் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே, கேஸ் கம்பெனிலேருந்து பேசினாங்க."

"என்னவாம்?"

"உடனே வரச் சொன்னாங்க. ரெண்டு தடவை வரலியாம். இதுல அலட்சியமே கூடாதாம்." ஃபோர்மேன் போனை நீட்டினார். "கேஸ்தானே அண்ணே?"

"கேஸ்தான்."

"குடலிறக்கம்லாம் சரியாயிடுச்சுல்ல?"

"அது அப்பவே சரியாயிடுச்சே."

ஃபோர்மேன் சட்டென்று திரும்பிக்கொண்டார்.

மறுநாளிலிருந்து யாரும் அவரை 'டன் அண்ணே' என்று கூப்பிடவில்லை. வெறும் அண்ணே. சுருள் தூக்கும்போது, "எத்தனை டன் அண்ணே, உங்களையும் சேர்த்தா, சேர்க்காமலா?" என்று பத்தொன்பது வருடமாகக் கத்தும் வெல்டர், தொப்பியைக் கழற்றிவிட்டு அவருக்கு வழி விட்டார். ஏணியடியில் யாரோ ஒரு நாற்காலி போட்டார்கள். கேன்டீன் அம்மா சூப்பில் கட்டி கட்டியாகக் கறி போட்டு, "சாப்பிடுப்பா, சாப்பிட முடியறப்போ சாப்பிட்டுடணும்," என்றாள். அவர் அதையும் பூனைக்குக் கொண்டுபோனார்.

அவருக்குப் புரிந்துவிட்டது. எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. வயிற்றை வெட்டியும் இளைக்காதவன் என்று பரிதாபப்படுகிறார்கள். அலுவலகத்திலிருந்து எழுத்தர் ஒரு படிவத்தோடு வந்தபோது அது உறுதியானது.

"ஒண்ணுமில்லண்ணே, வாரிசு பேரு சரியா இருக்கான்னு ஒரு கையெழுத்து."

"இப்ப எதுக்கு?"

"சும்மா... எல்லார்கிட்டயும்தான் கேக்கறோம்."

எல்லோரிடமும் கேட்கவில்லை. அவரிடம் மட்டும்தான். கேபினிலிருந்து இறக்கப்போகிறார்கள், கணக்கைச் சுத்தம் செய்கிறார்கள். கையெழுத்துப் போட்டார். எழுத்தர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு போனார்.

ஒரு கோப்பை அரையானது.

பரிசோதனை நாள் வந்தது. பகல் மூன்று மணிக்கு அவருடைய முறை. அன்று காலை அவர் எதுவும் குடிக்கவில்லை. கடைசியாக ஒரு முறை கேபினில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று ஏணியில் கால் வைத்தார். ஆறாவது படியில் முழங்காலைத் தூக்கியபோது பின்பக்கம் 'டர்ர்' என்றது.

பேன்ட் கிழிந்துவிட்டது. நடுத்தையல், மேலிருந்து கீழ்வரை.

ஏணிக் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார். இளைக்கவில்லை என்று நினைத்தது கூடத் தப்பு. பருத்திருக்கிறார். பட்டினி கிடந்து பருத்த ஒரே மனிதன்.

கீழே பதினைந்து பேர் நின்றார்கள். அவர் சிரிப்புக்காகக் காத்திருந்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. வெல்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஃபோர்மேன் ஏறி வந்து, தன் மழைக்கோட்டை அவர் இடுப்பில் கட்டி, குழந்தையை இறக்குவதுபோல ஒவ்வொரு படியாக இறக்கினார்.

"வீட்டுக்குப் போங்கண்ணே. மெடிக்கலெல்லாம் உங்களுக்கு எதுக்கு?"

"மூணு மணிக்கு வந்துடுவேன்," என்றார் அவர். "இதைத் தைச்சுட்டு வந்துடறேன்."

தோற்பதானாலும் கிழியாத பேன்ட்டோடு தோற்க வேண்டும்.

பஸ் நிலையத்துக்கு எதிரில் ஒரு தையற்கடை இருந்தது. பழைய துணியைப் பிடித்துத் தைப்பது, விட்டுத் தைப்பது மட்டும்தான் அங்கே வேலை. அவர் இதுவரை உள்ளே போனதில்லை. அவர் வீட்டில் துணி விவகாரமெல்லாம் மனைவியுடையது. தையற்காரர் வயதானவர், கழுத்தில் அளவு நாடா, மூக்கு நுனியில் கண்ணாடி.

"அவசரமுங்க. மூணு மணிக்குள்ள வேணும்."

"திரைக்குப் பின்னாடி போய்க் கழட்டிக் குடுங்க."

கிரேன்காரர் மழைக்கோட்டோடு ஸ்டூலில் உட்கார்ந்தார். கடை ஒரு முறை சுற்றி நின்றது. சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"தைக்கறதோட கொஞ்சம் விட்டும் குடுங்க," என்றார். "ஒரு ரெண்டு இஞ்சாவது. உள்ள துணி இருக்குமா?"

தையற்காரர் பேன்ட்டைத் திருப்பினார். உள்ளே பார்த்தார். நடுத்தையலில் துணி பாடப்புத்தகப் பக்கங்கள்போல மடிப்பு மடிப்பாகக் கிடந்தது. ஒரு மடிப்பைப் பிரித்தார். அதற்குள் இன்னொரு தையல், அதற்குள் இன்னொன்று. விரலால் தடவிக்கொண்டே போனார்.

"இது என் கையாச்சே," என்றார்.

பின் பாக்கெட்டுகளைத் திருப்பிப் பார்த்தார். பிறகு ஸ்டூலில் இருந்தவரைக் கண்ணாடிக்கு மேலாக ஏற இறங்கப் பார்த்தார். ஒட்டிய கன்னத்தையும், காலருக்குள் ஆடிய கழுத்தையும், மழைக்கோட்டுக்குக் கீழே குச்சியாக நீட்டிக்கொண்டிருந்த காலையும் பார்த்தார். கத்தரிக்கோலை மேசைமேல் சத்தமில்லாமல் வைத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இது டிக்கெட் கவுன்டர் அம்மா வீட்டுக்காரரோட பேன்ட்டு. ஐம்பது இஞ்சுல ஆரம்பிச்சு வாரா வாரம் பிடிச்சுப் பிடிச்சு, நாப்பதுக்குக் கொண்டாந்துட்டேன், இனிமே பிடிச்சா பாக்கெட் ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிடும்னு போன ஞாயித்துக்கிழமைதான் அந்தம்மாகிட்டச் சொன்னேன்... அதுக்குள்ள உங்களுக்குத் தானமா குடுத்துட்டாங்களா? பாவம், அந்த மனுஷன் எப்ப தவறினாரு?"