காலக்காட்டு அக்கா வாங்கிய ஆசீர்வாதங்கள்

உத்திரமேரூர் தாலுக்காவிலேயே அதிகமாக ஆசீர்வாதம் வாங்கிய மனுஷி யார் என்று கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்: எங்கள் காலக்காட்டு அக்கா. அவருக்கு அப்பா அம்மா வைத்த பேர் ஒன்று உண்டு. அது அவர் புருஷனுக்கே மறந்துபோயிருக்கும்.

வீடு வீடாகப் போய் சுகர், பிரஷர் மாத்திரை கொடுப்பது அக்காவின் வேலை. மாத்திரைக்கு முன்னால் "காலக் காட்டு" என்பார். சுகர்காரர்களுக்குப் பாதம் மரத்துப்போகும், முள் குத்தினாலும் தெரியாது, தினமும் அவரவரே பார்த்துக்கொள்ள வேண்டும். இதைச் சொல்லாவிட்டால் அக்காவுக்குச் சோறு இறங்காது. பஸ்ஸில் பார்த்தாலும் கேட்பார், பந்தியில் பார்த்தாலும் கேட்பார்.

ஆரம்பத்தில், ஆஸ்பத்திரியில் அச்சடித்துக் கொடுத்ததை அப்படியே பெருநகர் கிராமத்தில் உரக்கப் படித்தார்: "தினமும் உங்கள் பாதங்களைச் சுயபரிசோதனை செய்துகொள்ளுங்கள்."

முன்னால் உட்கார்ந்திருந்த ஒருத்தர் எழுந்தே விட்டார். "சுயபரிசோதனை, எலக்சன்ல தோத்த கட்சிக்காரன் பண்றதும்மா. நாங்க இன்னா தப்பு பண்ணோம்?"

அன்றைக்கே அந்தக் காகிதத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டார். ஆளுக்கு ஏற்ற பேச்சு என்று ஆரம்பித்தார். தறிக்காரரிடம் போய், "பொடவைல ஒரு இழை அறுந்தா கண்டுபுடிக்கிறே. கால் வெடிச்சிக்கினு கீது, அது தெரியலயா? தறிக்குழில எறங்கறப்போ ஒரு தபா பாரு" என்பார். பெண்களென்றால், மஞ்சள் பூசும்போது விரலிடுக்கையும் பார்க்கச் சொல்வார். கழனிக்காரர்களை பம்புசெட்டில் சேறு கழுவும்போதே மடக்கிவிடுவார்.

மடங்காதவர்கள் என் அப்பா மாதிரிப் பெரிய மனுஷர்கள்தான். அப்பாவுக்குத் திருப்புலிவனத்தில் நிலம், அதைவிட அதிகமாக வீறாப்பு. "எனக்கு சுகர்லாம் கெடையாது. ஒடம்புல கொஞ்சம் இனிப்பு ஜாஸ்தி, அவ்ளோதான்" என்பார். காலைக் காட்டச் சொன்னால் மீசை துடிக்கும். "ஒரு பொம்பள கிட்ட கால நீட்டறதா? மரியாதை இன்னா ஆவறது?"

சரி, மரியாதையாகவே பார்த்துவிடலாம் என்று முடிவு கட்டினார் அக்கா. கண்ட கண்ட பெரிய மனுஷர் காலிலெல்லாம் விழுந்தார். அவர்கள் வாழ்த்துகிற நேரத்தில் இவர் கண் அவர்கள் கால்விரல்களை மேய்ந்துவிடும்.

என் தங்கை கல்யாணத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பா காலில் பொத்தென்று விழுந்தார்.

"தீர்க்க சுமங்கலியா இரும்மா."

அக்கா எழுந்திருக்கவில்லை.

"புள்ள குட்டியோட நல்லா இரு... வூடு வாசல் கட்டு... போகம் நல்லா வெளையட்டும்..." அப்பாவிடம் வாழ்த்துச் சரக்கு தீர்ந்துவிட்டது. "எயுந்திரும்மா!"

பக்கத்திலிருந்த அத்தை, இந்தக் காலத்தில் இப்படி ஒரு பக்தியா என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"யாராச்சும் செல்லுல லைட் அடிங்க!" அக்கா கத்தினார். "நைனா, சுண்டு விரலாண்ட முள்ளு கீது. சீழ் புடிச்சிக்கினு கீது. எப்போ குத்துச்சி?"

"இன்னா குத்துச்சி?" என்றார் அப்பா.

தாலி கட்டி முடித்த கையோடு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் கணுக்காலோடு எடுத்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். சுண்டு விரல் போயிற்று. கால் பிழைத்தது. இன்றைக்கும் அப்பா வரப்பில் வீறாப்பாக நடந்து போகிறார். அதைப் பார்க்கும்போதெல்லாம், அது எங்க ஊர்ப் பொண்ணு மீட்டுக் கொடுத்த கால் என்று நாலு பேரிடம் பீற்றிக்கொள்வேன். பீற்றிக்கொள்ளக் கூடாதா என்ன?

அப்பா வீடு திரும்பியதும் மாத்திரையோடு வந்த அக்கா வழக்கம்போலக் குனிந்தார். அப்பா தடுத்தார்.

"வோணாம்மா. நீ வுய வோணாம்." தானே காலை எடுத்து ஸ்டூல் மேல் வைத்தார். "காத்தாலயே நானே பாத்துட்டேன். நீயும் ஒரு தபா பாத்துடு."

"அப்போ எனக்கு ஆசீர்வாதம்?" விரலிடுக்கைப் பார்த்துக்கொண்டே கேட்டார் அக்கா.

அப்பா கையை அவர் தலையில் வைத்தார்.

"நல்லா இரும்மா" என்றார். அவ்வளவுதான் வந்தது.