சஹானாவின் வெறுங்காலும் மச்சானின் மீசையும்

மர்பி டவுன், பெங்களூரு
ஞாயிறு மாலை

அன்புள்ள மச்சான் பெருமாள்சாமி அவர்களுக்கு, தங்கை மாப்பிள்ளை சீனு வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், உங்கள் தங்கை ஷோபா, குழந்தை சஹானா மூவரும் சுகம். ஆம்பூரில் நீங்களும், முக்கியமாக உங்கள் மீசையும், சுகம்தான் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவீர்கள், அதனால்தான் கடிதம்.

முதல் பிறந்தநாளுக்குத் தாய்மாமன் சீராக, கணுக்கால்வரை ஏறும் அந்தச் சிவப்புத் தோல் ஷூவை மாட்டிவிட்டுப் போனீர்களே, அன்றிலிருந்து குழந்தை நட்டுவைத்த கம்பம் மாதிரி நின்றாள். ஒருமுறை அடியெடுத்து வைத்தாள், தோசைமாவுக் குண்டானில் உட்கார்ந்தாள். கழற்றலாமென்றால் ஷோபா விடவில்லை. "எங்கண்ணன் ஆசையா குடுத்தது. அதுல கை வச்சீங்க, பாத்துக்குங்க!" டாக்டர் பார்கவியிடம் ஓடினேன். "வீட்டுக்குள்ள வெறுங்கால்ல விடுங்க, விரலால தரையைப் பிடிச்சு நிக்கப் பழகட்டும். வெளிய போறப்ப மெத்துனு வளையற மாதிரி ஒண்ணு போதும்"னாங்க. இதை உங்களிடம் போனில் சொன்னதற்கு நீங்கள் என்ன சொன்னீர்கள்? "ஷூ கம்பெனிக்காரன் எனக்கே பாடமா மாப்ளே? அது இல்லாம அவ நடந்துட்டா நான் மீசையை எடுத்துடறேன்!" ஸ்பீக்கர்ல போட்டிருந்தேன், தெருவே கேட்டுச்சு.

இப்ப கேளுங்க மச்சான். இன்னிக்கு அல்சூர்ல அம்மன் கோயிலுக்குப் போனோம். வாசல்ல செருப்பு ஸ்டாண்ட் லட்சுமம்மா, "சப்பலி இல்லி பிடி சார், செருப்பை இங்கயே விடுங்க, பாப்பாவோடதும்தான்"னு கையை நீட்டிட்டாங்க. அம்மன் முன்னாடி ஷூவோட போக உங்க தங்கச்சிக்குத் தைரியம் வருமா? அவ கையாலயே கழட்டினா! கும்பிட்டுட்டு நான் மட்டும் வெளிய வந்து படிக்குக் கீழ உக்காந்து ரெண்டு கையையும் நீட்டினேன். ஷோபா படியிறங்கிக் கீழ விட்டதும், கல்லுத் தரையில, வெறுங்கால்ல, தத்தக்கா பித்தக்கான்னு நடந்து வந்தா என் பொண்ணு! அப்பாவைத் தேடி வந்தா மச்சான்! எனக்குக் கண்ணுல தண்ணி முட்டிடுச்சு. வாரித் தூக்கினேன், சந்தோஷத்துல வீல்னு கத்தினா. ஷோபா வீடியோ எடுத்திருக்கா. ஜெயிச்சுட்டேன்! நாளைக்கே சலூனுக்குக் கிளம்புங்க.

அம்மன் அருளால் உங்கள் வீட்டார் அனைவரும், மீசை போனாலும் முகம் வாடாமல், நூறாண்டு வாழ்க.

இப்படிக்கு,
வெற்றி பெற்ற மாப்பிள்ளை
சீனு

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகும்போது ஷோபா வீடியோவைக் காட்டினாள். நான் உட்கார்ந்திருந்தது செருப்பு ஸ்டாண்டுக்கு நேர் முன்னால். குழந்தை பார்த்தது என்னை இல்லை, என் தலைக்கு மேலே தட்டில் இருந்த சிவப்பு ஷூவை. கத்தினது, அதை எடுக்க விடாம நான் தூக்கினதுக்கு. இப்ப அதைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டுத்தான் தூங்கறா. உங்க மீசை அப்படியே இருக்கட்டும் மச்சான். "அவ நடந்ததே எங்கண்ணன் ஷூவுக்காகத்தான், தோத்தது நீங்க"ன்னு ஷோபா கத்தரிக்கோலோட என் மீசையைப் பாத்துக்கிட்டு நிக்கறா.