படூர் அறையைத் தயாராக வைக்கவும்

திருவிடந்தை,
14-7-2003

சிரஞ்சீவி மாப்பிள்ளை கேசவனுக்கு நரசிம்மன் அநேக ஆசீர்வாதம்.

நானும் உங்கள் மாமியாரும் இங்கே க்ஷேமம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அவள் க்ஷேமம். என் கதையைக் கீழே எழுதுகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம், இந்த முதியோர் குடியிருப்பில் போன் மானேஜர் மேஜைமேல் இருக்கிறது. அவர் எதிரில் இதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

முதலில் ஒரு மன்னிப்பு. போன மாதம் பேரன் ஸ்ரேயாஸ் பிறந்தநாளன்று உங்கள் படூர் ஃப்ளாட்டில், "கிழக்குப் பார்த்த ரூம் உங்க ரெண்டு பேருக்கும்தான் மாமா" என்று நீங்கள் வாய்நிறையச் சொன்னீர்கள். நானோ கேக்குத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கைகால் உள்ளவரை யார் வீட்டிலும் போய் உட்கார மாட்டேன் என்று ஒரு பிரசங்கம் செய்தேன். அதை முழுவதுமாக வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அன்று பேசியது, கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் இருபத்தெட்டு வருஷம் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்த்த கர்வம். குவார்ட்டர்ஸைக் காலி செய்தபின் செங்கல்பட்டில் குடிபோன வாடகை வீடு மாடியில். அந்தப் படிகளில் உங்கள் மாமியார் கோதையின் முழங்கால் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். அதனால்தான் நானே நாலு இடம் விசாரித்து, பதினைந்து நாள் இருந்து பார்த்துவிட்டு முடிவு சொல்கிறோம் என்ற ஏற்பாட்டில் சனிக்கிழமை இங்கே வந்து சேர்ந்தோம்.

இடத்தில் ஒரு குறையும் இல்லை. படியே கிடையாது, எல்லாம் சரிவுப் பாதை. குளியலறையில் வழுக்காத தரை, பிடித்துக்கொள்ளக் கம்பி. மானேஜர் ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டு விளக்கினார். பாதுகாப்பைப் பற்றி எனக்கே பாடமா என்று நான் ஜன்னல் வழியே சவுக்குத் தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கெட்ட காலம் அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

நேற்றுக் காலை குளித்து, வேட்டியை நனைத்துப் பிழிந்துவிட்டு, மடியாக உலர்த்த ஒரு கொடி தேடினேன். வெளியே பொதுக் கொடியில் நாலு பேர் துணியோடு போட என் மனசு ஒப்பவில்லை. குளியலறைச் சுவரில் ஒரு சிவப்புக் கயிறு மேலிருந்து சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. கொடி கட்ட வந்த ஆள் பாதியில் விட்டுப் போயிருக்கிறான், என்ன பொறுப்பில்லாத ஜனங்கள் என்று திட்டிக்கொண்டே அதை இழுத்து, எதிர்ச் சுவர்க் கம்பியில் விறைப்பாக முடிந்து, வேட்டியை விரித்துப் போட்டேன். மறு நிமிஷம் கட்டடமே அதிரும்படி மணி அடித்தது. மாப்பிள்ளை, இருபத்தெட்டு வருஷம் ஒத்திகை நடத்தியவன் காதில் அபாய மணி விழுந்தால் என்ன ஆகும்? இடுப்பில் துண்டோடு தாழ்வாரத்துக்கு ஓடினேன். கதவு கதவாகத் தட்டினேன். பாதி முகம் க்ஷவரம் செய்திருந்த ரிடையர்டு ஹெட்மாஸ்டர் சுப்புராமனைக் கையைப் பிடித்து இழுத்தேன். மார்கரெட் டீச்சரை நாற்காலியோடு தள்ளிக்கொண்டு போனேன். எதிரே ஆயா பூங்கொடி ஓடி வந்தாள்.

"சாரு, வழி வுடு. உன் ரூம் வாசல்லதான் பெல்லு லைட்டு எரிஞ்சிகினு கீது."

"மணி அடிச்சா வெளியிலதான் போகணும். உள்ளே போகப்படாது" என்று அவளையும் திருப்பி அனுப்பினேன். விஷயத்தைக் கண்டுபிடிக்கக்கூடிய ஒரே ஆளையும் அப்படித் தடுத்தாயிற்று.

வேப்பமரத்தடியில் எல்லாரையும் வரிசையாக நிறுத்தி எண்ணினேன். முப்பத்தேழு பேர் இருக்க வேண்டும், முப்பத்தாறுதான் இருந்தது. மறுபடி எண்ணினேன். இல்லாதது யார் என்று அப்போதுதான் புரிந்தது. ஊராரையெல்லாம் காப்பாற்றிவிட்டுக் கோதையை அறையிலேயே மறந்துவிட்டு வந்திருந்தேன். பூங்கொடி என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள். மணி நின்றது. என் ஈர வேட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தாள்.

"ஆபத்துன்னா இழுக்குற பெல்லு கவுத்துல இது தொங்கிகினு இருந்துச்சு. யாருது?"

துண்டோடு நின்றது நான் ஒருவன்தான்.

அறைக்குப் போனால் கோதை கட்டிலில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருக்கிறாள். "ஏன்டி வெளியே வரலை?" என்றேன். "யாரும் கூப்பிடலையே" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இனி சாப்பாட்டுக் கூடத்தில் எந்த முகத்தோடு உட்காருவேன்? ஆகவே வருகிற ஞாயிற்றுக்கிழமை தயவுசெய்து காரோடு வந்து எங்களை அழைத்துப் போகவும். கிழக்கு அறை இல்லாவிட்டால் மேற்கு அறையும் சம்மதம். சௌபாக்கியவதி சாருலதாவுக்கும் குழந்தைக்கும் என் ஆசிகள். பெருமாள் உங்கள் எல்லாருக்கும் என்னைவிட நல்ல ஞாபகசக்தியைக் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
நரசிம்மன்

பி.கு.: தபால் பெட்டிவரை போக வெளியே தலைகாட்ட வேண்டுமே என்று இந்தக் கடிதம் மூன்று நாள் சட்டைப் பையிலேயே இருந்துவிட்டது. இன்று இதை உங்கள் மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "பேஷாப் போயிட்டு வாங்கோ. நான் வரலை" என்றாள். "உங்க ஆபீஸ் பஸ்ஸுக்காக நாலரை மணிக்கு எழுந்து எத்தனை வருஷம் டிபன் பாக்ஸ் கட்டினேன். இங்கே ஆறு மணிக்குப் பூங்கொடி காபியைக் கையில குடுத்து, குட்ச்சிட்டு அப்பால எழுந்திரும்மாங்கறா. நீங்க கூப்பிட்ட எடத்துக்கெல்லாம் நான் வந்தாச்சு. இந்த ஒரு எடத்துல எனக்காக இருக்கணும்னு தோணறது." அவளை இரண்டாம் முறை விட்டுவிட்டு வெளியே போக எனக்கு மனசு இல்லை. ஆகவே மேலே எழுதியதைத் தள்ளிவிடவும். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சும்மா பார்க்க வந்தால் போதும். வரும்போது எட்டு முழம் நைலான் கயிறும் இரண்டு கொக்கியும் வாங்கி வரவும். சிவப்பு மட்டும் வேண்டாம்.